பெரிய ஃபைல், அதே பாட்டு

“320க்குக் கீழ இருந்தா தொடாதீங்க அண்ணே. ஃப்ளாக் கிடைச்சா எடுங்க. 24 பிட், 192 கிடைச்சா அதுதான் ஒரிஜினல்.” சென்னையின் பாடி, கொரட்டூர், அம்பத்தூர் வட்டாரத்தில் வீட்டில் நல்ல செட் வைத்துப் பாட்டுக் கேட்கிற யாரோடும் பேச உட்கார்ந்தால், காபி வருவதற்குள் இந்த உபதேசம் வந்துவிடும். ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து காட்டுவார்கள். இளையராஜாவுக்கு ஒரு ஃபோல்டர், எம்.எஸ்.விக்கு ஒன்று, ரஹ்மானுக்கு ஒன்று. ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் வாங்கிய பட்டம்போல எண்கள். எந்த ஸ்டுடியோவில் பதிவானது, எந்த இசைத்தட்டிலிருந்து எடுத்தது, எடுத்தவர் யார் என்ற விவரம் எதுவும் இருக்காது. எண் மட்டும் இருக்கும்.

எண் பெரிதானால் ஒலி நன்றாக இருக்கும் என்ற இந்த நம்பிக்கை தவறு. யாருக்கும் கெடுதல் இல்லாத நம்பிக்கை என்று விட்டுவிடவும் முடியவில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் போகக் கூடாத இடத்துக்குப் போகிறது. காதால் முடிவு செய்ய வேண்டியதைத் திரையில் பார்த்து முடிவு செய்யும் பழக்கம் வந்துவிடுகிறது. பழைய தமிழ்ப் பாடல்களின் மூல ஒலிநாடாக்கள் எங்கே, எந்த நிலையில் இருக்கின்றன என்று கேட்க வேண்டிய ரசிகர்கள், கிலோஹெர்ட்ஸ் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கணக்கை முதலில் பார்த்துவிடலாம். ஐந்து நிமிடப் பாட்டு 128 கேபிபிஎஸ் (வினாடிக்கு 128 கிலோபிட்) எம்பி3 ஆக இருந்தால் 5 எம்பிக்குச் சற்றுக் குறைவு. 320 என்றால் 12 எம்பி. சிடியில் உள்ளபடியே எடுத்தால் 53 எம்பி. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்றால் சுருக்குவதற்கு முன் 345 எம்பி. ஐந்து எங்கே, முந்நூற்று நாற்பத்தைந்து எங்கே! இவ்வளவு இடம் அடைக்கிற ஒன்றில் ஏதோ கூடுதலாக இருந்துதானே ஆக வேண்டும் என்று மனம் சொல்கிறது. கூடுதலாக இருப்பது உண்மைதான். அது காதுக்கு எட்டுமா என்பதுதான் கேள்வி.

192 என்பது ஒரு வினாடியில் ஒலியின் அளவை எத்தனை ஆயிரம் முறை குறித்துக்கொள்கிறார்கள் என்பதன் கணக்கு. 1982இல் கடைக்கு வந்த சிடியில் இது வினாடிக்கு 44,100 முறை. புள்ளி புள்ளியாகக் குறித்தால் நடுவில் இருப்பது தொலைந்துபோகாதா, படிக்கட்டு மாதிரி ஆகிவிடாதா, அதிகப் புள்ளி வைத்தால் வளைவு இன்னும் வழவழப்பாக வராதா என்று கேட்பார்கள். இந்தப் படிக்கட்டுப் படத்தை விளம்பரங்களில் போட்டுப் போட்டே மக்கள் மனதில் பதித்துவிட்டார்கள். ஆனால் படிக்கட்டு ஸ்பீக்கருக்கு வருவதே இல்லை. ஓர் ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல இரண்டு மடங்குக்கு மேல் புள்ளிகள் எடுத்துவிட்டால், அந்தப் புள்ளிகளிலிருந்து மூல அலையை அப்படியே திரும்பப் பெறலாம். 1928இல் நைக்விஸ்ட் அடித்தளம் போட்டு, 1949இல் ஷானன் நிறுவிக் காட்டிய கணிதம் இது. புள்ளிகளுக்கு நடுவே எதுவும் தொலைவதில்லை. 44,100 புள்ளிகள் 22,050 ஹெர்ட்ஸ் வரை பிடிக்கும். மனிதக் காதின் எல்லை, பிள்ளைப் பருவத்தில், ஏறத்தாழ 20,000. ஐம்பது வயதில் பெரும்பாலோருக்கு 12,000, 13,000க்கு மேலே மங்கத் தொடங்கிவிடும். ப்ரெஸ் ஷாப்பில் இருபது வருடம் நின்றவருக்கு அதற்கும் கீழே, 4,000 சுற்றியே ஒரு பள்ளம் விழுந்திருக்கும். 192 கிலோஹெர்ட்ஸ் ஃபைல் கூடுதலாகக் கொண்டுவருவது 22,000க்கு மேலே 96,000 வரை உள்ளவற்றை. அவை வௌவாலுக்குக் கேட்கலாம்.

24 பிட்டுக்கும் இதே கதி. பிட் என்பது ஒவ்வொரு புள்ளியையும் எவ்வளவு நுணுக்கமாகக் குறிக்கிறார்கள் என்பதன் கணக்கு. சிடியின் 16 பிட்டில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 96 டெசிபல் இடைவெளி கிடைக்கிறது. 24 பிட்டில் 144. இதைப் பாடியில் ஒரு வீட்டில் வைத்துப் பாருங்கள். இரவு பதினொரு மணி, திருவள்ளூர் நெடுஞ்சாலையில் லாரிகள், தலைக்கு மேலே மின்விசிறி. ஜன்னலைச் சாத்தினாலும் அறைக்குள் 40 டெசிபல் இரைச்சலாவது இருக்கும். மெல்லிய ஒலி அந்த இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டும், அதற்கு மேல் 96 டெசிபல் இடைவெளியும் முழுதாக வேண்டும் என்றால் உரத்த இடம் 136 டெசிபலில் வர வேண்டும். காது வலிக்கத் தொடங்குவதே 120, 130இல். ஆலைக்குள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று நம் தொழிற்சாலை விதிகள் சொல்கின்றன. சிடி தருவதையே முழுதாகப் பயன்படுத்த முடியாத வீட்டில் 144ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கணிதத்தை நம்ப மாட்டேன், காதைத்தான் நம்புவேன் என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மேயர், மோரன் என்ற இருவர் காதை வைத்தே சோதித்துப் பார்த்தார்கள். உயர்தர டிஸ்க்குகளை ஓடவிட்டு, கேட்பவருக்குத் தெரியாமல் நடுவில் ஒரு சுவிட்சைப் போட்டு அதே ஒலியைச் சிடி தரத்துக்கு இறக்கினார்கள். எது எது என்று சொல்ல வேண்டும். கேட்டவர்களில் ஒலிப்பதிவுத் தொழிலில் உள்ளவர்களும் இருந்தார்கள், விலை உயர்ந்த செட் வைத்திருப்பவர்களும் இருந்தார்கள். 2007இல் வெளியான முடிவு: 554 முறை கேட்டதில் சரியாகச் சொன்னது 276 முறை. நாணயம் சுண்டினாலும் இதுதான் வரும். 2016இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் இப்படிப்பட்ட 18 சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 52.3 சதவீதம் என்றார். சிடியைத் தாண்டிய தரத்துக்கு ‘ஹை-ரெஸ்’ என்று பெயர். அதன் ஆதரவாளர்கள் இந்த எண்ணைக் கொண்டாடுகிறார்கள். நூற்றுக்கு ஐம்பதுக்கும் ஐம்பத்திரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆராய்ச்சியாளருக்கு முக்கியம், மறுக்கவில்லை. “கேட்ட உடனே தெரியுது, மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்” என்கிற பேச்சுக்கு அது ஆதாரம் ஆகாது.

இந்த நம்பிக்கை பாடியில் வேரூன்றியிருப்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று அறுபதுகளின் தொடக்கத்திலிருந்து உதிரி பாகம் செய்து வளர்ந்த ஊர் இது. 1998இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு தரத்துக்கான டெமிங் பரிசை வாங்கியபோது, அதைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அதுதான். மைக்ரோமீட்டரும் கேஜும் கையில் பழகிய மக்கள். ஒரு தண்டின் விட்டம் 20 மில்லிமீட்டர், கூட்டல் கழித்தல் 0.02 என்று டிராயிங்கில் இருந்தால், அதற்குள் வந்த தண்டு பாஸ். ஆறாவது தசமம் வரை அளந்து சான்றிதழ் ஒட்டினாலும் வண்டி கூடுதலாக ஒரு கிலோமீட்டர் ஓடாது என்று இங்கே பயிற்சிக்கு வந்த பையனுக்கும் தெரியும். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து ப்ளேயரை ஆன் செய்ததும் அந்த அறிவை ஏன் கழற்றி வைக்க வேண்டும்?

நம்மவர்கள் கேட்கிற பாட்டு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். தியாகராஜ பாகவதர் காலத்து 78 சுற்று இசைத்தட்டில் ஏழெட்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே பாட்டு என்று சொல்லத்தக்கது அநேகமாக இல்லை, தட்டின் உரசல்தான் இருக்கிறது. அறுபது, எழுபதுகளின் பாடல்கள் காந்த நாடாவில் பதிவானவை. இரைச்சல் குறைப்பு ஏதும் இல்லாத நல்ல ஸ்டுடியோ நாடாவின் வீச்சு 70 டெசிபல் அளவு. அதை 12 பிட்டுக்குள் அடக்கிவிடலாம். அந்த நாடாவிலிருந்து பிரதி, பிரதியிலிருந்து இசைத்தட்டு, தட்டிலிருந்து கேசட் என்று இறங்கி, கடைசியில் யாரோ வீட்டில் கணினியில் ஏற்றியதுதான் நம் கைக்கு வருகிறது. அதை 192இல் எடுத்தால் தட்டின் தூசியும் ஊசியின் நடுக்கமும் துல்லியமாகப் பதிவாகும். பாடியவரின் குரலில் ஒரு இழைகூட அதிகமாகாது.

பயன் இல்லாதது போகட்டும், ஏமாற்றும் இருக்கிறது. ஃப்ளாக் என்பது ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் வடிவம். ஆனால் ஹார்ட் டிஸ்க்குகளில் சுற்றுகிற தமிழ் ஃப்ளாக் ஃபைல்களில் பல, பழைய எம்பி3ஐ ஃப்ளாக் ஆக மாற்றியவை. தண்ணீர் கலந்துவிட்ட பால் பாத்திரத்தை மாற்றினால் பழையபடி ஆகாது. இதைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றுங்கள். கீழிருந்து மேலே அதிர்வெண், இடமிருந்து வலமாக நேரம், ஒலி இருக்கும் இடமெல்லாம் நிறம். நேர்மையான ஃபைலில் அந்த நிறம் மேலே போகப் போக மெல்ல மங்கும். 128 கேபிபிஎஸ் எம்பி3யிலிருந்து வந்ததென்றால் 16,000 ஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டியதுபோல நிற்கும், அதற்கு மேலே பாட்டு முழுக்கக் கறுப்பு. ‘24/192’ என்று பெயரிலேயே எழுதியிருந்த எழுபதுகளின் பாடல் ஒன்றை ஒரு நண்பர் வீட்டில் இப்படித் திறந்தோம். 16,000இல் வெட்டு. அதன் பிறகும் அவர் சொன்னது: “ஆனா கேட்க நல்லாத்தானே இருக்கு?” நல்லாத்தான் இருந்தது. எண் இல்லாமலேயே நன்றாக இருந்த பாட்டு அது.

எதிர்த்தரப்பில் ஒரு வாதத்தை மட்டும் நான் மதிக்கிறேன். “இளையராஜாவின் பழைய எல்பியிலிருந்து எடுத்த ஃபைலைக் கேளுங்க, அதே பாட்டோட பிற்காலச் சிடியைக் கேளுங்க. எல்பிதான் உயிரா இருக்கு” என்கிறார்கள். பல பாடல்களில் அது உண்மை. ஆனால் காரணத்தைத் தவறான இடத்தில் தேடுகிறார்கள். எல்பிக்கு மாஸ்டர் செய்தவர், அதாவது வெளியிடுவதற்கு முன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்தவர், மெல்லியதை மெல்லியதாகவும் உரத்ததை உரத்ததாகவும் விட்டிருப்பார். பின்னாளில் ‘டிஜிட்டல் ரீமாஸ்டர்’ செய்தவர், கடையில் போட்டுக் காட்டும்போது சத்தமாக இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு இழுத்துவிட்டிருப்பார். வயலின் குழு மூச்சு வாங்கி எழும் இடம், தபேலா தனியாக நிற்கும் இடம் எல்லாம் தட்டையாகிவிடும். நாசம் நடந்தது அங்கே. அதே எல்பியைச் சிடி தரத்திலேயே எடுத்தாலும் அந்த உயிர் அப்படியே வரும்.

உலகம் முழுக்க நடந்த கூத்து இது. 2008இல் மெட்டாலிகா குழுவின் ‘டெத் மேக்னடிக்’ சிடி வந்தபோது, ஒலி உடைந்து கரகரக்கிறது என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அதே பாடல்கள் ஒரு வீடியோ விளையாட்டில் உடையாமல் ஒலித்ததுதான் அவர்கள் கையில் கிடைத்த சாட்சி. ஃபைலின் எண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மாஸ்டர் செய்த மேசையில் ஒருவர் எடுத்த முடிவு. நம்மிடமும் அப்படித்தான். ‘மகாநதி’ படத்துக்குத் தேசிய விருது பெற்ற எச். ஸ்ரீதர் போன்ற ஒலிப்பொறியாளர்களின் பதிவு எந்த ஃபைலில் வந்தாலும் தனியாகத் தெரிவதற்குக் காரணம், மைக் எங்கே வைப்பது, எதை முன்னே விடுவது என்று அவர்கள் எடுத்த முடிவுகள். ‘ரோஜா’ படப் பாடல்கள் 1992இல் வந்தபோது பெரும்பாலோர் கேட்டது கேசட்டில். அந்த ஒலி புதிது என்று ஊரே சொன்னது.

எம்பி3க்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். 128இல் மோசமாகச் சுருக்கிய ஃபைலில் சலங்கையும் கஞ்சிராவும் நீரில் நனைந்ததுபோலச் சளசளக்கும். தட்டும் ஒலிக்கு முன்னாலேயே ஒரு மங்கிய நிழல் வரும். அதை யாரும் கேட்டுவிடலாம். 256, 320இல் ஒழுங்காகச் செய்ததைச் சிடியிலிருந்து பிரித்துச் சொல்வது பயிற்சி பெற்ற காதுக்கும் கடினம். சேமித்து வைக்க ஃப்ளாக் நல்லது, பிற்காலத்தில் எந்த வடிவத்துக்கு மாற்றினாலும் நட்டமில்லை. ஸ்டுடியோவில் 24 பிட்டில் பதிவதற்கும் காரணம் இருக்கிறது: எத்தனையோ ட்ராக்குகளைக் கலந்து ஏற்றி இறக்கும்போது பிழை சேராமல் இருக்க அந்த இடைவெளி உதவும். சமையலறைக்கு வேண்டியதெல்லாம் இலைக்கு வேண்டியதில்லை.

இத்தனை பேசிவிட்டு, இந்த 192 ஃபைல்களை எதில் கேட்கிறார்கள் என்று பார்த்தால், போனிலிருந்து ப்ளூடூத் வழியாக சவுண்ட் பாரில்! ப்ளூடூத் போகிற வழியிலேயே பாட்டை மறுபடியும் சுருக்கிவிடுகிறது. சாதாரணமாக எல்லாக் கருவியிலும் இருக்கும் எஸ்பிசி முறை வழக்கமாக எட்டுவதே 328 கேபிபிஎஸ் அளவுதான். 345 எம்பி ஃபைலும் அந்தச் சல்லடைக்குள் நுழைந்துதான் வெளியே வர வேண்டும். ஒரு ஒயர் போட்டால் தீர்ந்துவிடும் விஷயம்.

இனி அறை. இந்த வட்டாரத்து அடுக்குமாடி வீட்டின் கூடம் பத்துக்குப் பன்னிரண்டு அடி. கான்கிரீட் சுவர், வழவழவென்ற டைல்ஸ் தரை, கண்ணாடி ஷோகேஸ், ஓரத்தில் இரும்பு பீரோ. ஒலியை விழுங்க அங்கே எதுவும் இல்லை. நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கைதட்டினால் ‘ஸ்ரீங்’ என்று ஒரு வால் நீளும். நீங்கள் கேட்கும் ஒவ்வொரு பாட்டிலும் ஒவ்வொரு எழுத்துக்கும் அந்த வால் ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. பன்னிரண்டு அடி இடைவெளியில் எதிரெதிரே இருக்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே 48 ஹெர்ட்ஸ் சுற்றி ஒலி தேங்கி நிற்கும். பத்தடிக்கு 57. பாஸ் கிதாரின் கீழ்ச் சுரங்கள் அந்த இடத்தில்தான் இருக்கின்றன. அதனால் ஒரு சுரம் வீங்கிக் கும்முகிறது, பக்கத்துச் சுரம் காணாமல் போகிறது. பத்து டெசிபல் ஏற்ற இறக்கம் சர்வசாதாரணம். ‘பாஸ் அதிருது’ என்று பெருமையாகச் சொல்வது பல வீடுகளில் ஸ்பீக்கரின் பெருமையும் இல்லை, இசையமைப்பாளரின் எண்ணமும் இல்லை, சுவரின் குணம்.

அப்படி ஒரு வீட்டில் ஸ்பீக்கர்களில் ஒன்று டிவி ஸ்டாண்டின் அறைக்குள் அடைந்து கிடந்தது. இன்னொன்று மூலையில், பீரோவை ஒட்டி. மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் பார்த்துப் பார்த்து வாங்கிய ஆம்ப், அதற்கு மேல், ஃபைலின் எண்களை மின்னலையாக மாற்றித் தர, தனியாக ஒரு டேக். எல்லாம் நல்ல சாமான்கள். இரண்டு ஸ்பீக்கரையும் வெளியே எடுத்து, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, உட்காருபவரின் காது உயரத்துக்கு ட்வீட்டர் வரும்படி ஸ்டூலில் வைத்தோம். இரண்டுக்கும் உள்ள தூரமும் உட்காரும் இடத்துக்கு உள்ள தூரமும் ஒன்றாக இருக்கும்படி நாற்காலியை நகர்த்தினோம். தரையில் ஜமக்காளம், ஷோகேஸின் மேல் ஒரு கனத்த திரை. பீரோவின் கைப்பிடி பாஸுக்குக் கூடவே கிணுகிணுத்துக்கொண்டிருந்தது, துணி சுற்றியதும் அடங்கியது. போட்டது சாதாரண 320 ஃபைல்தான். பாடகி நடுவில் வந்து நின்றார். புல்லாங்குழல் இடப்பக்கம், அதற்குப் பின்னால் வயலின்கள். அந்த வீட்டு அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து, “இந்தப் பாட்டுல வீணை இருக்கா?” என்று கேட்டார். ஃபைலில் எப்போதும் இருந்த வீணை. பணம் செலவு என்று பார்த்தால் எதுவும் இல்லை.

எண்ணை விற்பவர்களுக்கு இதில் இலாபம் கிடையாது, அதனால் இதை அவர்கள் சொல்ல மாட்டார்கள். 2014இல் நீல் யங் என்ற பாடகர் போனோ என்ற ஹை-ரெஸ் ப்ளேயருக்குப் பொதுமக்களிடம் 62 இலட்சம் டாலர் திரட்டினார். மூன்றே ஆண்டில் அது மூடப்பட்டது. 2014இலேயே அறிமுகமான எம்க்யூஏ என்ற ஒலி வடிவத்தை, ஸ்டுடியோ மாஸ்டரே வீட்டுக்கு வருகிறது என்று சொல்லி விற்றார்கள். 2023இல் அதை உருவாக்கிய நிறுவனம் திவால் நடைமுறைக்குப் போனது. 2021இல் ஆப்பிள் மியூசிக் உயர்தரத்தைக் கூடுதல் கட்டணம் இல்லாமலே கொடுத்துவிட்டது. விலை கொடுக்க ஆள் இருந்தவரை அது அபூர்வம்!

வீட்டில் சோதித்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரே நிபந்தனை: இரண்டு ஃபைலும் ஒரே சத்தத்தில் இருக்க வேண்டும், எது ஓடுகிறது என்று கேட்பவருக்குத் தெரியக் கூடாது. ஒரு டெசிபல் கூடினாலே அதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும். ஃபூபார் 2000 ப்ளேயரில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. மனைவியோ பிள்ளையோ மாற்றி மாற்றிப் போட்டாலும் போதும்.

இசை நிறுவனங்களிடம் ரசிகர்கள் கேட்க வேண்டியது வேறு. சங்க நூல்களைப் பதிப்பித்த உ.வே.சா., எந்த ஊரில் யாரிடமிருந்து கிடைத்த ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்தார் என்பதை முகவுரையில் எழுதினார். ஒரு பழைய பாடலை ‘ஹை-ரெஸ்’ முத்திரையோடு வெளியிடுகிறவர் அந்த அளவுக்காவது எழுத வேண்டும். எந்த நாடாவிலிருந்து எடுத்தீர்கள்? முதல் நாடாவா, பிரதியின் பிரதியா? மோனோவில் பதிவானதை ஸ்டீரியோ ஆக்கினீர்களா? சத்தத்தை எவ்வளவு தூக்கினீர்கள்? எந்த ஆண்டு, எந்தப் பொறியாளர்? வாத்தியம் வாசித்தவர்கள் யார்? காந்த நாடாவின் பூச்சு வெப்பத்திலும் ஈரத்திலும் பிசுபிசுத்து உரிந்துவிடும், சென்னையில் இரண்டுக்கும் குறைவில்லை. மூல நாடா உரிந்தபின் 192இல் எடுக்க அங்கே எதுவும் மிஞ்சாது. இந்தக் கேள்விகளைக் கேட்க ஆகும் செலவு ஒரு கடிதம்.